ஐப்பசிச் சம்பாத்தியமும் அறுபதாம் வயதும்

எங்கள் தெருமுனையில் இருபது வருஷமாகத் தையல் மெஷின் மிதித்துவரும் ஒருவரின் கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்க்கும் சந்தர்ப்பம் சென்ற மாதம் வாய்த்தது. தீபாவளிக்கு முந்திய வாரங்களில் வரிக்கு இடமின்றி ஓரங்களிலும் நெருக்கி எழுதப்பட்டிருந்த அந்த நோட்டு, ஆடியில் பக்கம் பக்கமாக வெறுமையாய்க் கிடந்தது. சம்பளக்காரரின் முதல் தேதியை மனத்தில் வைத்து வகுக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டங்களை இந்த நோட்டை அருகில் வைத்துக்கொண்டு படித்தால்தான் அவற்றின் குணமும் குற்றமும் துலங்கும். ‘எவ்வளவு கிடைக்கும்’ என்பதற்கு முன்பாகவே, ‘தவணை தவறினால் என்ன ஆகும்’ என்று சுயதொழில்காரர் கேட்டாக வேண்டும். பாலிசி விற்க வருபவர் அதைத் தாமாக எடுத்துச் சொல்வது அபூர்வம்.

2015-இல் வந்த அடல் பென்ஷன் திட்டம் அறுபது வயதுக்குமேல் மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை நிச்சயமாகத் தருகிறது. நாற்பதைத் தாண்டியவருக்கு அதில் இடமில்லை. ஆகவே நம் தையற்காரருக்குக் கதவு அடைபட்டுவிட்டது. அவரிடம் வேலை பார்க்கும் முப்பது வயதுக்காரர், வருமானவரி கட்டாதவராயின், மாதம் 577 ரூபாய் கட்டி 5,000 ரூபாய்க்கு உரியவராகலாம். அரையாண்டுத் தவணையும் உண்டென்பதை அறியாமலே பலர் மாதத் தவணையில் அகப்பட்டு, ஆடிதோறும் அபராதம் கட்டுகிறார்கள். ஆனால் விலைவாசி ஆண்டுக்கு நூற்றுக்கு ஆறு வீதம் ஏறுவதாகக் கொண்டால், முப்பது வருஷம் கழித்து வரும் அந்த 5,000 ரூபாய் இன்றைய மதிப்பில் 900 ரூபாயைக்கூட எட்டாது.

மத்திய அரசு ஊழியருக்கென்று ஏற்பட்டு, 2009-இல் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்ட தேசிய ஓய்வூதியத் திட்டமோ, வருஷத்துக்கு 1,000 ரூபாய் செலுத்தினால் போதும், மிகுதியைக் கைவந்தபோது போடலாம் என்று விட்டுவிடுகிறது. என் பட்சம் இதன் பக்கமே. சந்தையை நம்பிய முதலீடாதலால் லாபத்துக்கு உத்தரவாதமில்லை. வரிச்சலுகையைக் காட்டி இதை விற்பவர்கள், புதிய வரிமுறையில் சொந்தமாகக் கட்டும் தொகைக்குக் கழிவு இல்லை என்பதையும், முதலாளி கட்டும் பங்குக்கு மட்டுமே அங்கே சலுகை உண்டென்பதையும் சொல்லிவிடுவது நியாயம். தமக்குத் தாமே முதலாளியானவருக்கு அந்தப் பங்கைக் கட்ட யார் இருக்கிறார்கள்?

அறுபதில் சேமிப்பின் ஒரு பகுதியைக் கொண்டு இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் ஆயுள்பரியந்த ஓய்வூதியம் வாங்கும் கட்டம் வரும்போது, அசல் வாரிசுக்குத் திரும்பும் வகையைப் பாசத்தால் கேட்பவர்கள், அதற்கு ஈடாக மாதத்தொகை குறைவதைக் கவனிப்பதில்லை. பிள்ளைகளுக்கு வீடு இருக்கையில், கிழவனும் கிழவியும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அசலைக் காப்பதைவிட, மனைவியின் காலம்வரை தொடரும் வகையே எனக்கு உசிதமாகத் தோன்றுகிறது.

கடன் வாங்கித் தொழில் நடத்துகிறவருக்கு இன்னொன்று: பொது வருங்கால வைப்பு நிதியில் உள்ள பணத்தைக் கடன் வழக்கின் தீர்ப்பைக் காட்டி ஜப்தி செய்ய முடியாது. பதினைந்து வருஷம் முடங்கினாலும், தொழில் நொடித்துப் போகிற நாளில் அதன் அருமை தெரியும்.

இவ்வளவையும் பொறுமையாகக் கேட்ட தையற்காரர், வாயிலிருந்த குண்டூசியை எடுத்துவிட்டு, “ஆடியில் கட்டாவிட்டால் ஒன்றும் சொல்லமாட்டார்களே, ஐயா?” என்று கேட்டார். மாட்டார்கள் என்றேன். “அப்போது ஐப்பசி முடிந்ததும் போவோம்” என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டார்.