நாள் குறித்தாயிற்று, நீங்கள்?

உலக அறிவியல் புனைகதை ரசிகர்கள் கூடும் வேர்ல்ட்கான் 1939இல் நியூயார்க்கில் தொடங்கியது. எந்த ஊரில் நடத்துவது என்பதை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே உறுப்பினர்கள் வாக்களித்து முடிவு செய்துவிடுகிறார்கள். 2026க்கு லாஸ் ஏஞ்சல்ஸ் அருகிலுள்ள அனஹைம் என்பது 2024 கிளாஸ்கோ மாநாட்டிலேயே உறுதியாகிவிட்டது.

இவ்வளவு அவகாசம் இருந்தும் பலர் கடைசி மாதத்தில்தான் கண்விழிக்கிறார்கள். அதற்குள் கட்டணம் ஏறியிருக்கும். அரங்கை ஒட்டிய ஹோட்டல்களில் சலுகை அறைகள் தீர்ந்திருக்கும். விசா நேர்காணலுக்குத் தேதி கிடைக்காது. எதிர்காலக் கதைகளைக் கரைத்துக் குடித்தவர்கள் அடுத்த ஆண்டு நாட்காட்டியைப் புரட்டக் கூடாதா?

போக வசதியில்லையா? குறைந்த கட்டணத்தில் உறுப்பினராகலாம். வேர்ல்ட்கான் வழங்கும் ஹியூகோ விருதுக்கு வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம். ஆனால் ஜனவரி முடிவதற்குள் உறுப்பினரானால்தான் விருதுக்குப் பரிந்துரைக்கும் உரிமை கிடைக்கும்.