வாடகைக்கு விடப்படும் கத்தரிக்கோல்

கலை மக்களுக்கே என்று மேடைகளிற் பலகாலம் முழங்கி வந்திருக்கின்றோம். எழுத்தைப் பற்றிப் பேசும்போது அச்சகம் எவருடைய உடைமை என்று கேட்க நாம் தவறியதில்லை. இன்று கிராமத்து இளைஞனின் கைக்குப் பேனாவுக்கும் முன்னதாக வந்து சேர்வது, படம்பிடிக்கவல்ல கைத்தொலைபேசி. பிடித்த படத்தை வெட்டி, ஒட்டி, பொருளுடைய ஒன்றாக ஆக்கும் கருவி எவருடைய உடைமை என்ற வினாவை மட்டும் நாம் எழுப்புவதில்லை. அது கணினி வல்லுநரின் விவகாரம் என ஒதுக்கி விடுகின்றோம். அவ்வாறு ஒதுக்கத்தக்கதன்று அது.

படப்பிடிப்பு மூலப்பொருளைச் சேகரிக்கிறது. படத்தொகுப்பே அதற்குக் கருத்தைத் தருகிறது. அமைச்சரின் வாக்குறுதியின் பின் எந்தக் காட்சி வரவேண்டும், முதியவளின் மௌனம் எத்தனை நொடி நீளவேண்டும் என்பவற்றைத் தீர்மானிப்பவனே படத்தின் ஆசிரியன். எனவே தொகுக்கும் கருவியில் உரிமையற்றவன் தன் சொல்லிலும் முழு உரிமை பெற்றவனல்லன்.

1965 ஆம் ஆண்டு கொடாக் நிறுவனம் சூப்பர் 8 படச்சுருளை வெளியிட்டபோது, தொழில்முறைக் கலைஞரல்லாதோர் பலருக்குச் சினிமா எட்டுவதாயிற்று. சுருளுக்குப் பணம் வேண்டியிருந்தது, உண்மை. ஆனால் அதை வெட்டி ஒட்டும் சிறு கருவியை ஒருமுறை வாங்கியவன், அது தேயும்வரை பயன்படுத்தினான். இந்த மாதப் பணம் வரவில்லை என்று எவரும் வந்து அக்கத்தரிக்கோலைப் பறித்துச் சென்றதில்லை.

இன்றைய நிலை யாது? 2012 இல் வெளிவந்த அடோபி பிரீமியரின் ஆறாந் தொகுதிப் பதிப்பு 799 டொலருக்கு விற்கப்பட்டது. அதிக விலைதான், எனினும் வாங்கியவனுக்கு அதனைக் காலவரையறையின்றிப் பயன்படுத்தும் உரிமை இருந்தது. 2013 மே மாதம், இனிப் புதிய பதிப்புகள் சந்தா முறையிலேயே வழங்கப்படும் என நிறுவனம் அறிவித்தது. அன்று மாதம் ஏறத்தாழ 20 டொலர். நாற்பது மாதங்களிற் பழைய விலை முழுவதும் செலுத்தப்பட்டுவிடும். நாற்பத்தோராம் மாதமும் செலுத்தவேண்டும். நிறுத்தினாலோ, தன் கையாலே தொகுத்த படத்தின் கோப்பைத் திருத்துவதற்கும் அவனுக்கு வழியில்லை. தொழில்முறையல்லாதோருக்கென்றே விற்கப்பட்டுவந்த பிரீமியர் எலிமென்ட்ஸ் கூட, 2025 ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து மூன்றாண்டுகளுக்கு மட்டுமே உரிமம் பெறுவதாயிற்று. சந்தாவை இடையில் நிறுத்துவோரிடம் அறவிடும் கட்டணத்தை மறைத்ததாகக் குற்றஞ்சாட்டி, 2024 யூனில் அமெரிக்க அரசே இந்நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. விற்பனை குத்தகையாயிற்று, ஆசிரியன் குடிவாரக்காரனானான்.

குத்தகைக்கு விடுபவனுக்கு வெளியேற்றும் அதிகாரமும் உண்டு. 2019 ஒக்டோபரில், அமெரிக்க அரசின் தடையுத்தரவைக் காரணங்காட்டி, வெனிசுவேலா நாட்டவரின் கணக்குகள் யாவும் மூடப்படும் என்று அடோபி அறிவித்தது. அம்மாத இறுதிக்குள் அரசின் அனுமதி பெற்று அம்முடிவு கைவிடப்பட்டது. கைவிடப்பட்டதென்று நாம் ஆறுதலடையலாமா? ஒரு நாட்டின் படத்தொகுப்பாளர் அனைவரையும் ஒரே அறிவிப்பில் வெளியேற்ற முடியும் என்பது அன்றே தெளிவாயிற்று.

எமது நாட்டின் அனுபவம் வேறு வகையினது. 2022 இன் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர், சில மாதங்களுள் 360 ரூபாவை எட்டியது. 20 டொலர் வாடகை 4,000 ரூபாவிலிருந்து 7,200 ரூபாவாயிற்று. கொம்பனி தன் விலையில் ஒரு சதமேனும் கூட்டவில்லை. இங்குள்ளவனின் ஊதியமும் கூடவில்லை. அரிசிக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றவன் கத்தரிக்கோலுக்கு வாடகை கட்டுவானா?

இலவசமாகவே கிடைக்கின்றனவே என்பர் சிலர். கிடைக்கின்றன. பிளக்மாஜிக் டிசைன் நிறுவனத்தின் டாவின்சி றிசோல்வ் 2011 முதல் ஓர் இலவசப் பதிப்பையும் கொண்டுள்ளது. திறன்மிக்க கருவி, ஆனால் அது செவ்வனே இயங்க விலைகூடிய வரைகலை அட்டை வேண்டும். அப்பிளின் ஐமூவி, அப்பிள் கருவியை வாங்கியோருக்கு மட்டுமே. ஒருகாலத்தில் வின்டோஸ் உள்ள கணினிகளிலெல்லாம் மாணவர் படம் தொகுத்துப் பழகிய மூவி மேக்கரை, 2017 சனவரி 10 ஆம் திகதியுடன் மைக்ரோசொப்ட் கைவிட்டது. கொடுத்தவன் விரும்பும்போது நிறுத்திக்கொள்ளக்கூடியது கொடையாகலாம், உரிமையாகாது.

திருட்டுப் பிரதி இருக்கவே இருக்கிறது என்பாரும் உளர். சில நூறு ரூபாவுக்கு இறுவட்டிலே பிரதியை வாங்கியவன் கொம்பனியை வென்றுவிட்டதாக எண்ணினான். உண்மையில், அந்த ஒரு கருவியைத் தவிர வேறெதிலும் பழகாத ஒரு தலைமுறையைச் செலவின்றிப் பயிற்றிக் கொடுத்தது அப்பிரதியே. அத்தலைமுறைதான் இன்று வாடகை செலுத்தும் வாடிக்கையாளர்.

அவ்வாறாயின் வழி யாது? கட்டற்ற மென்பொருள். 2002 இல் தொடங்கப்பட்ட கேடென்லைவ் என்னும் தொகுப்பு மென்பொருளை எவரும் பெறலாம், பகிரலாம், அதன் மூலநிரலைத் திருத்தலாம். ஊதியமின்றி யார் உழைப்பர் என்ற வினா நியாயமானதே. மென்பொருளாக்குவோன் பட்டினி கிடக்கவேண்டும் என்று நாம் கூறவில்லை. அவனுக்கு ஊதியமளிக்க வாடகை முறை ஒன்றே வழி என்பதையே மறுக்கிறோம். பிளெண்டர் மென்பொருளை மூடிய உடைமையிலிருந்து மீட்க, 2002 இல் ஏழு வாரங்களுள் 100,000 யூரோ பொதுமக்களிடமிருந்து திரண்டது. 2022 இல் கேடென்லைவுக்காக 15,000 யூரோ கோரப்பட்டபோது அதற்கும் மேலாகவே கிடைத்தது.

இவை குறையற்றவை அல்ல. இடையிற் செயலிழப்பதுண்டு, நிறச்சீராக்கத்திற் பின்தங்குவதுண்டு. ஆனால் குறையைத் திருத்தும் உரிமை எங்குள்ளது என்பதே கேள்வி. விலையுயர்ந்த மென்பொருள்களின் தலைப்பெழுத்துக் கருவிகளிலே நெடுங்காலம் எமது கொம்பும் காலும் இடம்மாறிச் சிதைந்தன. பழைய பாமினி எழுத்துருவிலே தஞ்சம் புகுந்தோம். தமிழ் ஒழுங்காகத் தெரிவது இலாபமா என்று தொலைதேசத்துக் கொம்பனி கணக்கிட்டு முடிக்கும்வரை காத்திருப்பதைத் தவிர எமக்கு வேறு வழி இருக்கவில்லை. மூலநிரல் திறந்திருக்குமாயின், எமது பல்கலைக்கழக மாணவன் ஒருவனே அக்குறையை நீக்க முற்படலாம்.

ஆகவே பாடசாலைகளிற் படத்தொகுப்பைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் கட்டற்ற கருவிகளிலேயே கற்பிக்கவேண்டும். குறும்படப் போட்டி நடத்தும் மன்றங்கள் அவற்றில் இலவசப் பயிற்சிப் பட்டறைகளை நடத்தவேண்டும். கணினி கற்ற இளைஞர் அவற்றின் தமிழ்ப் பெயர்ப்பிலும் திருத்தத்திலும் கைகொடுக்கவேண்டும். தோட்டத்து லயன் அறையின் வாழ்வையும் காணாமற் போன மகனைத் தேடும் தாயின் சொல்லையும் பதிவுசெய்ய இன்று பலர் முன்வருகின்றனர். மாதச் சந்தா தீர்ந்தது என்பதற்காக அப்பதிவுகள் தொகுக்கப்படாமற் கிடக்குமாயின், அப்பழி கொம்பனிகளை மட்டுமன்று, மாற்றுவழி இருந்தும் அதை மக்களிடம் கொண்டு செல்லாத கற்றோரையும் சாரும்.