தொகையோடு எழுத வைப்போம்!



அக்டோபர் 2 கிராம சபை நெருங்கிவிட்டது. அடுத்த ஆண்டுக்கான ஊராட்சி வளர்ச்சித் திட்டத்துக்கு அங்கேதான் பிள்ளையார் சுழி போடுகிறார்கள். அன்று வாய்மூடி இருந்தால் இன்னொரு வருஷம் போச்சு!

போன வருஷத் திட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். சிமென்ட் ரோடு, வாய்க்கால், தெருவிளக்கு. ஆயுசெல்லாம் நாற்று நட்டு, களை பறித்து இடுப்பொடிந்து கிடக்கிற நம் ஆத்தாள்களுக்கு அதில் ஒரு வரி உண்டா?

ஊராட்சியில் கேட்டால், “அது எங்க வேலை இல்லைங்க” என்பார்கள். விடாதீர்கள். அரசியல் சட்டத்தின் 11-ஆவது அட்டவணை ஊராட்சிக்கென்று குறித்த 29 இனங்களில் சமூக நலமும் நலிந்தோர் நலமும் இருக்கின்றன. காகிதத்தில் கொடுத்தார்கள், கையில் கொடுக்கவில்லை. முதியோர் ஓய்வூதிய (ஓஏபி) மனு இன்றும் தாசில்தார் மேஜைக்குத்தான் போகிறது. மாதாமாதம் வரும் அந்த 1,200 ரூபாயில், எண்பது வயதுக்குக் கீழே உள்ளவருக்கு ஒன்றிய அரசு தருவது வெறும் 200. அதுவும் ஆண்டுக்கணக்கில் ஏறாத தொகை!

பணமே இல்லை என்பது அடுத்த பாட்டு. 15-ஆவது நிதிக் குழு தன் மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் கட்டிப்போட்டது. மீதி 40 ஊரின் தேவைக்கு. அதில் முதியோருக்குப் போனது எத்தனை ரூபாய்? சபையில் வாசிக்கச் சொல்லுங்கள்.

கேரளத்தைப் பாருங்கள். 1996-இல் மக்கள் திட்டம் தொடங்கிய மண் அது. உள்ளாட்சித் திட்ட நிதியில் ஒரு பங்கை முதியோர், மாற்றுத்திறனாளிகள், குழந்தைகளுக்கென்று ஒதுக்க வேண்டும். 2008-இல் வலிதணிப்புக் கொள்கை வந்தபின், படுத்த படுக்கையாய்க் கிடப்பவர் வீட்டுக்கு ஊராட்சியின் பொறுப்பில் நர்ஸ் போகிறார். அங்கே எல்லாம் ஒழுங்கு என்று நான் சொல்லவில்லை. ஆனால் கணக்கில் ஒரு தலைப்பு இருக்கிறது; தலைப்பு இருந்தால்தான் சண்டை போட முடியும்.

இங்கே மக்களைத் தேடி மருத்துவம் வந்தது, வீட்டுக்கே ரேஷன் கொண்டுவரும் தாயுமானவர் வந்தது. நல்லது, வரவேற்போம். ஆனால் எல்லாம் கோட்டையிலிருந்து வருபவை. அங்கே மனம் மாறினால் நின்றுபோகும். 2025-26 பட்ஜெட்டில் சொன்ன 25 அன்புச்சோலை முதியோர் மையங்களும் பெரும்பாலும் மதுரை, கோவை, சேலம் என்று மாநகரங்களைப் பார்த்துத்தான் போயின.

தலைவர் இல்லை என்றும் சாக்குச் சொல்லலாம். 2019-இல் தேர்ந்தெடுத்த ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரியில் முடிந்து சிறப்பு அலுவலர்கள் வந்தார்கள். நாற்காலியில் தலைவர் இருந்தாலென்ன, அலுவலர் இருந்தாலென்ன? கிராம சபைக்குப் பதவிக்காலம் கிடையாது!

இன்றிரவே தெருத்தெருவாய்ப் போங்கள். தனியாய் இருப்பவர், படுக்கையில் கிடப்பவர், ரேகை தேய்ந்து ரேஷன் மெஷினில் விரல் பதியாதவர் என்று ஒருவர் விடாமல் எழுதுங்கள். பூட்டிக் கிடக்கும் சமுதாயக் கூடம் பகலில் முதியோருக்குத் திறக்க வேண்டும். அங்கே கைப்பிடி வைத்த கழிப்பறை வேண்டும். ரேஷன் கடை வாசலில் உட்கார ஒரு திண்ணையாவது கட்டட்டும். ஒவ்வொன்றுக்கும் தோராயத் தொகை போட்டுக் கொண்டுவாருங்கள்.

ஊர் 501 முதல் 3,000 பேர் வரை கொண்டதென்றால் சபைக்கு 100 பேர் வேண்டும். நடக்க முடிந்த பெரியவர்களை வண்டியில் ஏற்றி வாருங்கள். கட்டிலோடு தூக்கிவர வேண்டாம், அது நாடகம். பேச வேண்டியது அவர்கள். நாம் பின்னால் நிற்போம்.

வாசலிலேயே கையெழுத்து வாங்கி அனுப்பும் தந்திரம் நமக்குப் பழக்கம்தானே? இந்த முறை தீர்மானம் தொகையோடு எழுதப்பட்டு, உரக்க வாசிக்கப்பட்ட பிறகே பேனாவைத் தொடுங்கள்.