18 வயதோடு முடிந்துவிடுமா யதீமின் மீதான நம் பொறுப்பு?



ஒவ்வொரு ரமளானிலும் யதீம்கானாக்களுக்கு நாம் மனமுவந்து கொடுக்கிறோம். அரிசி மூட்டைகள் போகின்றன. பெருநாள் புத்தாடைகள் போகின்றன. இஃப்தார் விருந்தும் நடக்கிறது. அல்லாஹ் அவற்றை ஏற்றுக்கொள்வானாக. ஆனால் அந்தப் பிள்ளைக்கு 18 வயது நிறைந்த மறுநாள் அவன் எங்கே படுத்துறங்குகிறான் என்று கேட்பவர் நம்மில் எத்தனை பேர்? பிளஸ் டூ முடித்தவனிடம் ஒரு துணிப்பையையும் மதிப்பெண் சான்றிதழையும் கொடுத்து வாசலில் விடைகொடுத்துவிட்டால் கடமை தீர்ந்தது என்னும் எண்ணம் நம் சமுதாயத்தில் வேரூன்றியிருக்கிறது. பெண் பிள்ளையானால் உடனே நிக்காஹ் பேச்சு; அதற்கு ஒரே ஜும்ஆவில் வசூல் திரண்டுவிடும். அதே பெண்ணின் மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்கு அப்படித் துண்டு விரித்த பள்ளிவாசல்கள் எத்தனை? இந்த எண்ணம் மார்க்கத்திற்கும் பொருந்தாது, நடைமுறை அறிவிற்கும் பொருந்தாது என்பதே நம் வாதம்.

மார்க்கம் கேட்பது வயதை மட்டுமல்ல

அன்னிஸா அத்தியாயத்தின் 6ஆம் வசனம், யதீம்களின் சொத்தை அவர்களிடம் ஒப்படைக்கும் விதியைக் கூறுகிறது. திருமணப் பருவத்தை அடைந்தால் போதும் என்று அது நிறுத்திக்கொள்ளவில்லை. அவர்களைச் சோதித்தறிய வேண்டும், நிர்வகிக்கும் பக்குவமாகிய 'ருஷ்து' அவர்களிடம் தென்பட வேண்டும் என்றும் நிபந்தனை விதிக்கிறது. சொத்தை ஒப்படைக்கவே இவ்வளவு கவனம் வேண்டுமென்றால், வாழ்க்கையை ஒப்படைக்க எவ்வளவு கவனம் வேண்டும்? அல்கஹ்ஃப் அத்தியாயத்தில், சாயவிருந்த சுவர் ஒன்று கூலி வாங்காமல் நிமிர்த்தி வைக்கப்படுகிறது. அதன் அடியில் இரு யதீம்களின் புதையல் இருந்தது. அவர்கள் தம் முழு வலிமையை அடைந்து அதை எடுத்துக்கொள்ளும்வரை சுவர் நிற்க வேண்டும் என்பது இறைவனின் நாட்டம். நம் யதீம்கானாக்களோ சுவர் தேவைப்படும் நேரம் பார்த்து அதை எடுத்துவிடுகின்றன.

"பருவமடைந்த பின் யதீம் என்ற நிலை இல்லை என்று ஹதீஸ் உள்ளதே" என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான், யதீம் என்னும் பெயர் நீங்குகிறது. வறுமை நீங்கிவிடுகிறதா? வீடும் வருவாயும் இல்லாத 18 வயது மாணவன், அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் ஸகாத்துக்கு உரியோராக முதலில் குறிப்பிடும் ஏழைகளில் ஒருவன் அல்லவா? மார்க்கக் கல்வி கற்பதால் உழைத்துப் பொருளீட்ட இயலாதவனுக்கு ஸகாத் கொடுக்கலாம் என்று ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர்கள் எழுதியுள்ளனர். சமுதாயத்திற்குத் தேவையான பிற கல்விக்கும் இது பொருந்தும் என்று இக்கால அறிஞர் பலர் விரித்துரைக்கின்றனர்.

நம் நபி (ஸல்) அவர்கள் பிறக்கும் முன்பே தந்தையையும், 6 வயதில் தாயையும், 8 வயதில் பாட்டனாரையும் இழந்தவர்கள். பொறுப்பேற்ற அபூதாலிப், "இனி நீ பெரியவன், உன் வழியைப் பார்த்துக்கொள்" என்று விலகவில்லை. அண்ணலார் ஐம்பது வயதை எட்டும் காலம்வரை, தம் இறுதி மூச்சுவரை அரணாக நின்றார். அவரது அரவணைப்பில் காலாவதித் தேதி இல்லை.

நம் பகுதியில் ஒரு பிள்ளையின் நிலை

நாம் வாழும் சடையங்குப்பத்தையே எண்ணிப்பாருங்கள். ஒரு புறம் கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும். மறு புறம் மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்யும் கலந்து எண்ணூர்க் கழிமுகம்வரை பரவியதை இங்கே எவரும் மறக்கவில்லை. அத்தகைய வெள்ளத்தில் சாதிச் சான்றிதழ் நனைந்து கிழிந்தால், புதிய நகலுக்காகத் தாசில்தார் அலுவலகத்திற்கு நடையாய் நடக்க நம் பிள்ளைக்குத் தந்தை இருக்கிறார். முதல் செமஸ்டரில் இரண்டு அரியர் விழுந்தால், திட்டினாலும் சோறு போட்டு மறுபடி படிக்கச் சொல்லத் தாய் இருக்கிறாள். கோடை விடுமுறையில் விடுதியைப் பூட்டினால் திரும்பி வர ஒரு வீடு இருக்கிறது. இம்மூன்றும் இல்லாதவனைத்தான் "சாமர்த்தியம் இருந்தால் முன்னேறிக்கொள்வான்" என்று சொல்லிவிடுகிறோம்.

அரசுக் கலைக் கல்லூரியில் கட்டணம் குறைவு. அந்தப் பிள்ளையின் படிப்பு கட்டணத்தில் நின்றுபோவதைவிட இத்தகைய இடங்களில்தான் நின்றுபோகிறது. துறைமுகத்தைச் சுற்றிய இந்தப் பகுதியில் 18 வயது இளைஞனுக்குத் தினக்கூலி கிடைக்காமல் போகாது; கன்டெய்னர் யார்டிலோ காண்டிராக்டரிடமோ மறுநாளே வேலைக்குச் சேரலாம். அது ஹலாலான உழைப்பு, அதில் இழிவில்லை. ஆனால் மதிப்பெண்ணும் ஆசையும் உள்ளவன் கல்லூரியை விட்டு அங்கே போவது விருப்பத்தாலா, இரவு தங்க இடமில்லாததாலா என்பதே கேள்வி.

ராயபுரத்தில் அரசு குழந்தைகள் இல்லம் இருக்கிறது. 2020 ஜூனில் அங்கே 35 பிள்ளைகளுக்குக் கொரோனா தொற்றியபோது உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து விசாரித்தது. சில நாள்கள் நாடே ராயபுரத்தைப் பார்த்தது. நோய்த்தொற்று இல்லாத நாள்களில் அப்பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்று பார்க்க நீதிமன்றம் தேவையில்லை, அக்கம்பக்கத்தார் போதும்.

சட்டம் திறந்து வைத்த கதவு

2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 46ஆம் பிரிவு, 18 வயது நிறைந்து இல்லத்தைவிட்டு வெளியேறுவோருக்குப் பின்பராமரிப்பு உதவி வழங்கலாம் என்கிறது. விதிகளின்படி இது 21 வயதுவரை, சிறப்பு நேர்வுகளில் 23 வயதுவரை நீளலாம். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இதற்கு மாதம் 4,000 ரூபாய் என வகுக்கப்பட்டுள்ளது. சட்டத்தின் சொல் 'வழங்க வேண்டும்' அல்ல, 'வழங்கலாம்' என்பதே. ஆகவே கேட்பதற்கு ஆள் இல்லாதவனுக்கு இது எட்டாக்கனியாகிவிடும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் படியேறி அவனுக்காகக் கேட்பது யார் கடமை?

இதைவிடக் கசப்பான செய்தி ஒன்றுண்டு. அச்சட்டத்தின் 41ஆம் பிரிவு எல்லாக் குழந்தைகள் இல்லங்களும் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. பதிவு வம்பு, அதிகாரிகள் தலையிடுவார்கள் என்று ஒதுங்கும் நிர்வாகங்கள் இருக்கின்றன. அதற்கு விலை கொடுப்பது பிள்ளைதான். 10 வயதுக்குள் பெற்றோரை இழந்து, ஆதரிக்க எவருமின்றி, அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த இல்லத்திலோ பள்ளியிலோ சேர்க்கப்பட்ட குழந்தைகளைத் தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலே தனியாகச் சேர்த்துள்ளது. பெற்றோரின் சான்று எதுவும் இல்லாமல், முஸ்லிம்களுக்கான 3.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீட்டைக் கோர முடியாமல் நிற்கும் யதீமுக்கு இது ஓர் ஊன்றுகோல். அங்கீகாரமற்ற இல்லம் அந்த ஊன்றுகோலைத் தட்டிப் பறிக்கிறது. யதீமின் சொத்தை உண்பது பெரும்பாவம் என்று அறிந்த நாம், யதீமின் உரிமையைக் கோப்பில் தொலைப்பதை என்னவென்று சொல்வது?

முடியாத காரியத்தை நாம் கேட்கவில்லை. 1921 மலபார் கிளர்ச்சியில் அநாதையான பிள்ளைகளுக்காகக் கோழிக்கோட்டில் 1922இல் தொடங்கிய ஜே.டி.டி. இஸ்லாம் யதீம்கானா, இன்று பாலிடெக்னிக்கும் கலைக் கல்லூரியும் கொண்ட கல்வி வளாகமாக நிற்கிறது. இங்கிலாந்தில், அரசுப் பராமரிப்பில் வளர்ந்தவர் 25 வயதுவரை தமக்கென ஓர் ஆலோசகரைக் கேட்டுப் பெறலாம். கேரளத்தின் முக்கம் யதீம்கானாவில் வளர்ந்த முகம்மது அலி ஷிஹாப் ஐ.ஏ.எஸ். அதிகாரியானதை நாம் மேடைதோறும் பெருமையுடன் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் நீந்திக் கரையேறிய ஒருவரைக் காட்டி, மற்றவர்களுக்குப் படகு தேவையில்லை என்று முடிவுகட்டுவது அநீதி.

செய்ய வேண்டியவை

ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் ஸகாத் நிதியில் ஒரு பங்கை, 18 வயது கடந்த ஆதரவற்ற மாணவர்களின் அன்றாடச் செலவுக்கென ஒதுக்கட்டும். அதை ஒருமுறை பொன்னாடையோடு கொடுத்து முடிக்காமல், பட்டம் பெறும்வரை மாதாமாதம் கொடுக்கட்டும். யதீம்கானா நிர்வாகங்கள் பதிவை முடித்து, பிள்ளைக்கு 17 வயது ஆகும்போதே ஆதார், வங்கிக் கணக்கு, சாதிச் சான்றிதழ் மூன்றையும் அவன் கையில் சேர்க்கட்டும். அரசுப் பள்ளியில் படித்தோருக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் கிடைக்கும் மாதம் 1,000 ரூபாய் தவறாமல் வந்துசேர இவை வேண்டும். விடுமுறை நாள்களிலும் இரு பெருநாள்களிலும் ஒரு மாணவனுக்கோ மாணவிக்கோ நம் குடும்பங்கள் கதவைத் திறக்கட்டும். மாணவியெனில் ஷரீஅத் வரம்புகளைப் பேணி, பெண்கள் பொறுப்பேற்கட்டும். மாமா வீட்டிலும் பெரியம்மா வீட்டிலும் வளரும் பிள்ளைகளையும் மறந்துவிட வேண்டாம். "இவ்வளவு நாள் வளர்த்ததே போதும்" என்னும் சொல் அவர்கள் காதிலும் 18 வயதில்தான் விழுகிறது.

யதீமைப் பொறுப்பேற்றவர் சுவனத்தில் தமக்கு எவ்வளவு நெருக்கமாக இருப்பார் என்பதை நபி (ஸல்) அவர்கள் இரு விரல்களைக் காட்டி உணர்த்தினார்கள். அந்த நெருக்கத்தை விரும்பும் நாம், பிள்ளையின் கையைப் பாதி வழியில் விடலாகாது. அமானிதங்களை இறுதிவரை நிறைவேற்றும் நல்லடியார்களாக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக. ஆமீன்.