தேன் கலந்தாலும் விஸ்கி விஸ்கிதான்

தலைப்பைப் பார்த்துப் பதறி வந்தவர்களுக்கும் ஆசையாக வந்தவர்களுக்கும் சேர்த்து ஒரு வணக்கம். இது குடிக்கச் சொல்லும் பதிவு இல்லை. குடிக்காதவர்கள் நிம்மதியாக அப்படியே இருங்கள், ஆரம்பிக்க ஒரு நல்ல காரணம்கூட என்னிடம் இல்லை. வீட்டில் எப்போதாவது ஒரு கிளாஸ் எடுப்பவர்கள் அதை என்ன பெயர் சொல்லிக் குடிக்கிறோம் என்பதுதான் இன்றைய பேச்சு.

பெங்களூரில் நம்ம ஆட்கள் இருக்கும் அபார்ட்மெண்ட்களில் சனிக்கிழமை ராத்திரி நாலு குடும்பம் கூடினால் இப்போதெல்லாம் விஸ்கி, எலுமிச்சை, தேன் என்று ஒரு கலவை வருகிறது. சர்க்கரைப் பாகு போட்டால் விஸ்கி சவர். தேன் போட்டால் 'கோல்ட் ரஷ்' என்பார்கள். நியூயார்க்கில் 'மில்க் அண்ட் ஹனி' என்ற பாரில் 2000-ஐ ஒட்டிப் பிறந்தது. நம்ம வீடுகளில் அதற்கு மூன்றாவதாக ஒரு பெயர் இருக்கிறது: "சளிக்கு நல்லதுங்க."

எனக்குச் சண்டை அந்த மூன்றாவது பெயரோடுதான்.

அது எங்கிருந்து வந்தது என்று பார்க்கக் கொஞ்சம் கொசுவத்தி சுத்த வேண்டும். 1937-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1971-ல் கருணாநிதி ஆட்சியில் அது தளர்த்தப்பட்டது, 1974-ல் மறுபடி வந்தது. 2003-லிருந்து சில்லறை விற்பனையே டாஸ்மாக் கைக்குப் போய்விட்டது. இந்த ஏற்ற இறக்கத்தில் வளர்ந்த நம்ம வீடுகளில் குடி என்றால் ஒன்று பாவம், இல்லாவிட்டால் மருந்து. நடுவில் வேறு பெயரே கிடையாது. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் பிராந்தி பெயரைச் சொன்னாலே காதைப் பொத்திக்கொள்ளும் ஆச்சிமார்கூட, பேரனுக்கு மார்ச்சளி என்றால் தேனில் நாலு சொட்டு பிராந்தி விட்டுக் குழைத்துக் கொடுப்பார்கள். அந்த வழியில் வந்த நாம் விஸ்கியில் தேனைப் பார்த்ததும் மனசாட்சியைத் தூங்க வைத்துவிடுகிறோம்.

சரி, மருந்துக் கணக்கையே பார்ப்போம்.

மதுவுக்கு உடம்புக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது. தேன் சேர்ந்தால் இது மாறாது. தொண்டைக்கு இதம் தருவது தேனும் எலுமிச்சையும் வெந்நீரும். அதற்கு விஸ்கி எதற்கு? சர்க்கரை நோய் இருப்பவர்களுக்குத் தேனும் சர்க்கரையை ஏற்றுகிற இனிப்புதான். தேன் தேனாக இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுகளைச் சோதித்ததில் எல்லாச் சோதனையிலும் தேறியவை மூன்றுதான். மற்றவற்றில் சர்க்கரைப் பாகு கலப்படம் என்றார்கள்.

முக்கியமாக ஒன்று. ஒரு வயது ஆகாத குழந்தைக்குச் சேனை வைக்கிறேன் என்று தேனைத் தொட்டுக்கூட வைக்காதீர்கள். தேனில் இருக்கக்கூடிய ஒருவகை பாக்டீரியா, பச்சைக் குழந்தையின் குடலில் வளர்ந்து பொட்டுலிசம் என்ற ஆபத்தான நோயைக் கொண்டுவரலாம். அதோடு பிராந்தி வேறு சேர்ப்பதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

மருந்து வேஷத்தைக் கலைத்தாயிற்று. இனி அதை விஸ்கியாகவே மதித்து எப்படிச் செய்வது என்று பார்ப்போம். பானகம் கரைத்த கைக்கு இது பெரிய வித்தை இல்லை.

தேனை நேராக ஐஸில் விட்டால் கட்டிக்கொண்டு அடியில் உட்கார்ந்துவிடும். முதலில் இரண்டு பங்கு தேனை ஒரு பங்கு வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஆற வையுங்கள். குடகுத் தேன் கிடைத்தால் விசேஷம். ஒரு கிளாஸுக்கு விஸ்கி 30 மி.லி., எலுமிச்சைச் சாறு 10 மி.லி., தேன் கரைசல் 10 மி.லி. நம்ம நாட்டு எலுமிச்சைக்குப் புளிப்பு அதிகம், ருசி பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். ஷேக்கர் வாங்கக் கடைக்கு ஓட வேண்டாம். திருகு மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் நிறைய ஐஸோடு பத்துப் பன்னிரண்டு நொடி நன்றாகக் குலுக்கி, டீ வடிகட்டியில் வடித்தால் முடிந்தது.

எந்த விஸ்கி? 1948-லிருந்து இதே ஊரில் இருக்கும் அம்ருத், 2004-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலேயே போய்த் தன் சிங்கிள் மால்ட்டை அறிமுகம் செய்தது. பெங்களூர்க்காரர்களுக்கு அதில் கொஞ்சம் பெருமைதான். அந்த மாதிரிச் சரக்கை இதில் ஊற்றி வீணாக்காதீர்கள். நடுத்தர விலையில் எதுவும் போதும். மலிவான இந்திய விஸ்கிகளில் பலவற்றுக்குக் கரும்பு மொலாசஸ் ஸ்பிரிட்தான் அடிப்படை. ஐரோப்பிய யூனியனில் அதை விஸ்கி என்று சொல்லி விற்கவே முடியாது.

இப்போது நம்ம தொழில் புத்தி. பாட்டிலில் 42.8% என்று போட்டிருக்கும். 30 மி.லி.யில் சுத்த ஆல்கஹால் சுமார் 10 கிராம். பல நாடுகளில் 'ஒரு டிரிங்க்' என்று கணக்கு வைப்பது இதைத்தான். பார்களில் தரும் செய்முறையில் 60 மி.லி. ஊற்றுவார்கள், அது இரண்டு டிரிங்க். தேனும் புளிப்பும் சேர்ந்தால் விஸ்கியின் எரிச்சல் நாக்குக்குத் தெரியாது. நன்னாரி சர்பத் மாதிரி இறங்கும். வெறும் விஸ்கியை ஒரு மணி நேரம் உருட்டுகிற ஆள் இதில் இருபது நிமிஷத்தில் இரண்டு கிளாஸ் காலி செய்துவிட்டு, "நான் ரெண்டே ரெண்டுதான்" என்பார். 60 மி.லி. கணக்கில் ஊற்றியிருந்தால் அது நாலு.

பேங்கில் இதைத் தினமும் பார்க்கிறேன். மாதம் இவ்வளவுதான் என்று ஈ.எம்.ஐ.யை இனிப்பாகச் சொன்னால் மொத்த வட்டி யார் கண்ணிலும் படாது. அதனால்தான் சில்லறைக் கடன்களுக்கு உண்மையான வருடச் செலவையும் சேர்த்து ஒரு தகவல் தாளில் எழுதித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024 அக்டோபர் 1 முதல் கட்டாயம் ஆக்கியது. கடன் வாங்காதே என்று அந்தத் தாள் சொல்வதில்லை. எவ்வளவு என்று தெரிந்து கையெழுத்துப் போடு என்கிறது. நம்ம கிளாஸுக்கும் அப்படி ஒரு தாள் வேண்டும். அளவு மூடியால் அளந்து ஊற்றுவதுதான் அந்தத் தாள். 'கண்ணளவு' என்பது சாம்பாருக்குச் சரி.

இதெல்லாம் யாருக்காக? பக்கத்து ரூமில் இருக்கும் பிள்ளைகளுக்காக. எவர்சில்வர் டம்ளரில் ஒளித்துக் குடித்தாலும், "அப்பாவுக்கு இருமல், அதான்" என்றாலும், பத்தாவது படிக்கிற பெண்ணுக்கு எல்லாம் தெரியும். குடியைவிட அந்தப் பொய்யைத்தான் அவள் முதலில் கற்றுக்கொள்கிறாள். எங்கள் வீட்டில் மகள், "அப்பா, அது ஜூஸா?" என்று கேட்டாள். "இல்லம்மா, விஸ்கி. 30 மி.லி. இருக்கு. ஒண்ணோட நிறுத்திருவேன்" என்றேன். தங்கமணி ஒரு முறை முறைத்தார். ஆனால் மகள் அன்றிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறாள். ரிசர்வ் வங்கி ஆடிட்டெல்லாம் அதன் முன்னால் ஒன்றுமே இல்லை :-)

ஊரில் இருந்தால் பெரியப்பாவோ, மாமாவோ, தெருமுனைக் கடைக்காரரோ நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்ற பயம் இருந்தது. இங்கே கதவைச் சாத்தினால் கேட்க ஆள் இல்லை. அந்தச் சுதந்திரத்துக்காகத்தான் பாதிப் பேர் வந்தோம், தப்பில்லை. ஆனால் கண்காணிக்க ஆள் இல்லாத வீட்டில் அளவையும் பெயரையும் நாமேதான் நேராக வைத்துக்கொள்ள வேண்டும்.

டிஸ்கி: குடித்தால் வண்டிச் சாவியைத் தொடாதீர்கள். கர்ப்பிணிகள், மருந்து சாப்பிடுபவர்கள், ஒன்றோடு நிறுத்த முடியாதவர்கள், இதே பதிவில் இருந்து விஸ்கியை மட்டும் கழித்துவிட்டுச் செய்து பாருங்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அதுவும் நன்றாகவே இருக்கும். சளிக்கும் நல்லது.