பின்வாங்கிய சேனையின் வழியே

போர்க்களங்களைக் காணச் செல்வோர் பலர். ஒரு சேனை பின்வாங்கிய வழியைத் தொடர்ந்து செல்வோர் சிலரே. அச்சிலருள் ஒருவராக யாமும் விழைகின்றோம். ஸர் ஜான் மூர் என்னும் பிரிட்டிஷ் தளகர்த்தர், நெப்போலியனது பெரும்படைக்குத் தப்பி, 1808 டிசம்பர் இறுதியில் ஸ்பெயின் தேசத்துச் சகாகூன் நகரினின்று திரும்பி, 1809 ஜனவரி 11-இல் கொருன்னாத் துறைமுகம் அடைந்த வழியே யாம் கருதுவது. அவரது அடக்கத்தைப் பாடிய சார்ல்ஸ் உல்பின் செய்யுளால் அவர் பெயரை நம் மாணாக்கர் பலர் அறிவர். ஆயினும், இவ்வழிச் செல்வோர் அவர் கல்லறையை மட்டும் கருதிச் செல்லலாகாது. இடைப்பட்ட ஊர்களையே முதன்மையாகக் கொள்ளல் வேண்டும் என்பது எம் கருத்து.

காரணம் கூறுவோம். அச்சேனை ஸ்பானியர்க்குத் துணையாக வந்த நட்புச் சேனை. அதுவே பெனவென்டே நகரில் பிரபுவின் கோட்டை மாளிகையைப் பாழாக்கி, அரும்பொருள்களை விறகாக எரித்தது. பெம்பிப்ரேயில் மதுக்கிடங்குகளை உடைத்துக் குடித்து வீழ்ந்த வீரர் பலர் கைவிடப்பட்டுப் பிரெஞ்சுக் குதிரைப்படையின் வாளுக்கு இரையாயினர். வில்லாபிராங்காவில் கொள்ளை மிகவே, மூர் ஒருவனைச் சுட்டுக் கொல்வித்தார். அப்பாலுள்ள பனிமலையில் சேனையைத் தொடர்ந்த பெண்டிரும் குழந்தைகளும் வழியிலேயே மடிந்தனர். நோகலஸ் அருகே எருதுகள் இழுக்கமாட்டாமையால் நாணயப் பீப்பாய்கள் பள்ளத்தில் உருட்டப்பட்டன.

மூர் பின்வாங்கியதனாலன்றோ சேனை பிழைத்தது, நெப்போலியனும் தென்திசை செல்லாது தடைப்பட்டான் எனச் சிலர் வினவுவர். உண்மையே. ஜனவரி 16-இல் கொருன்னாவில் பகைவரைத் தடுத்து நிறுத்திய போரில் மூர் உயிர் நீத்தார், எஞ்சியோர் கப்பலேறினர். அப்புகழை யாம் மறுக்கவில்லை. ஆனால், அப்புகழின் விலையில் ஒரு பங்கை இறுத்தோர், போரை வேண்டாத குடிமக்கள். அவர்தம் கதை அச்செய்யுளில் இல்லை, அவ்வூர்களிலேதான் உண்டு.

ஆகவே எம் திட்டம் இது. வழி ஏறக்குறைய 250 மைல். நாளொன்றுக்குப் பதினைந்து மைல் நடப்பினும், தங்கும் நாட்களையும் கூட்டினால் மூன்று வாரம் வேண்டும். பெனவென்டே, பெம்பிப்ரே, வில்லாபிராங்கா ஒவ்வொன்றிலும் ஒரு முழுநாள் தங்குக. கக்காபெலோஸ் முதல் மலையடிவாரம் வரை சந்தியாகு யாத்திரிகர் செல்லும் பாதை இவ்வழியை ஒட்டியே செல்லுதலால், ஆங்கு நடப்போர்க்கு விடுதிகள் உண்டு. பனிக்குப் பழகாத நம்மனோர் வசந்தத்தில் செல்வதே நலம். கொருன்னாவின் சான் கார்லோஸ் பூங்காவிலுள்ள கல்லறைக்கு இறுதிநாள் ஒன்றே போதும். வழியில் துன்புற்றோரை நினைந்து வந்தவர், அக்கல்லறையின் முன் முன்னினும் உண்மையான வணக்கம் செலுத்துவர் என்பது எம் துணிபு.