இரவல் கொடுக்கவியலா உடைமை

ஒரு பொருளை விலைகொடுத்து வாங்கியவன் அதனைத் தான் துய்க்கலாம்; பிறர்க்கு இரவலாக ஈயலாம்; வேண்டாதபொழுது விற்றுவிடலாம். உடைமை என்னுஞ் சொல்லுக்கு உலகத்தார் கொண்ட பொருள் இதுவே. நூலொன்றை ஒருமுறை விற்றுவிட்ட பதிப்பாளர் அதன் மறுவிற்பனை விலையைக் கட்டுப்படுத்தவியலாதென 1908-ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றமுந் தீர்ப்பளித்தது. இவ்வுரிமை வீடியோ விளையாட்டுக்களில் எங்ஙனந் தேய்ந்து வருகின்றதென்பதை நம் மாணவர் அறிதல் நன்று. இன்று விளையாட்டுக்கு நேர்ந்தது நாளை நூலுக்கும் நேரக்கூடும்.

1976-இல் பேர்சைல்டு கம்பெனியாரும், மறு ஆண்டில் அட்டாரி கம்பெனியாரும், கருவி வேறு ஆட்டம் வேறாகப் பிரித்து, ஆட்டங்களைக் கார்ட்ரிட்ஜ் என்னுஞ் சிறு பேழைகளில் அடைத்து விற்றனர். கைக்கடக்கமான அப்பேழை தோழர்பாற் சென்றது. பின்னர் வாடகைக் கடைகளிலும் ஏறிற்று. ஜப்பானில் உரிமையாளரின் இசைவின்றி விளையாட்டுக்களை வாடகைக்கு விடுதலைச் சட்டந் தடுத்தது. அமெரிக்காவிலோ அத்தகைய தடை இல்லாமையால், நிண்டெண்டோ கம்பெனியார் 1989-இல், விளக்கப் புத்தகத்தைப் படியெடுத்தமை பற்றியே பிளாக்பஸ்டர் வாடகைக் கடையார்மீது வழக்குத் தொடுத்தனர்! மறு ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டம் கணினி நிரல்களின் வாடகையைத் தடுத்ததேனும், விளையாட்டுக் கருவிகளுக்குரிய ஆட்டங்களுக்கு விலக்களித்தது. அதனால் முழுவிலை கொடுக்க வகையில்லாச் சிறுவரும் சிறுதொகைக்கு ஒரு புதிய ஆட்டத்தைச் சில நாள் தம்மதாக்கிக்கொண்டனர். வாடகைப் பேழையுள் முன்பு ஆடிய அயலாரொருவரின் பாதி ஆட்டஞ் சேமிக்கப்பட்டுக் கிடப்பதுமுண்டு. நூலக நூலின் ஓரத்தில் முன்னவர் எழுதிய குறிப்பைக் கண்டு மகிழ்ந்தவர்க்கு இவ்வின்பம் விளங்கும். (நூலகத் தலைவர் பொறுத்தருள்க.)

2003-இல் ஸ்டீம் என்னும் இணையக் கடை தோன்றிற்று; பிற கம்பெனியாரும் அவ்வழியே சென்றனர். பிளாக்பஸ்டர் 2010-இல் திவாலாயிற்று. 2013 ஜூன் மாதத்தில் மைக்ரோசாப்ட் கம்பெனியார், தம் புதிய கருவிக்குத் தட்டில் வாங்கிய ஆட்டத்தையும் நினைத்தபடி இரவல் கொடுக்கவோ விற்கவோ இயலாவண்ணம் கட்டுப்பாடுகளை வெளியிட்டு, மக்கள் வெகுண்டெழவே, அம்மாதத்திலேயே கைவிட்டனர். ஆயினும் தலைவாயிலிற் காத்த உரிமையை மக்கள் புழைக்கடை வழியே தாமே போகவிட்டனர் என்பேம். கடைக்குச் செல்லாமல், குறைந்த விலையில், நொடிப்பொழுதில் ஆட்டம் வீட்டுக்கு வருமாயின் எவர்தாம் மறுப்பர்? அவ்வசதியை யாம் இகழவில்லை. ஏழை மாணவர்க்கு அஃது உதவியே. ஆனால் அவ்வாறு பெற்றது உடைமையன்று, ஆடுதற்குக் கிடைத்த அனுமதிச்சீட்டே.

அச்சீட்டின் வலிமை 2024 மார்ச்சு மாதத்தில் வெளிப்பட்டது. யூபிசாஃப்ட் கம்பெனியார் 2014-இல் விற்ற ‘தி க்ரூ’ என்னும் ஆட்டத்தின் சர்வர்களை நிறுத்தவே, தட்டாக வாங்கி அலமாரியில் வைத்திருந்தோர்க்கும் அஃது ஆடவியலாததாயிற்று. மறுபுறம், சேகரிப்போர் உலகில், உறை பிரியாத ‘சூப்பர் மேரியோ 64’ பேழையொன்று 2021-இல் 15 இலட்சம் டாலருக்கு மேல் ஏலம்போயிற்று. உறையைப் பிரித்தால் விலை வீழும். ஆதலின் அதனையும் ஆடுவாரில்லை.

இணையக் கடையில் ‘வாங்குக’ என்று சொல்லி அனுமதி மாத்திரம் விற்போர் அதனைத் தெளிவாக அறிவித்தல் வேண்டுமென்னும் கலிபோர்னியாச் சட்டம் 2025 முதல் நடைமுறைக்கு வந்தது. சொல் நேர்மைப்பட்டது, பொருள் மீளவில்லை. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த ஆட்டங்களுள் நூற்றுக்கு 87 இன்று விற்பனையில் இல்லையென 2023-இல் வெளியான ஆய்வொன்று கண்டது. அவற்றை ஆராய்ச்சியாளர் தம் இருப்பிடத்திருந்தே பயிலுமாறு நூலகங்கள் உதவ அனுமதி கோரியபோது, பொழுதுபோக்கிற்குப் பயன்பட்டுச் சந்தை கெடுமென உற்பத்தியாளர் தடைகூறினர். 2024 அக்டோபரில் அக்கோரிக்கை மறுக்கப்பட்டது.

இம்மறுப்பு முறையன்றென்பது எம் கருத்து. படைத்தோர்க்கு ஊதியம் வேண்டும். விற்பனையிலுள்ள ஆட்டத்தை நூலகம் வழங்கலாகாதென்றால் இசைவோம். தாமும் விற்காது பிறரும் வழங்கலாகாதென்பது எந்த ஊதியத்தைக் காப்பது? நாவலை இரவல் கேட்பாரிடம் ஆராய்ச்சிக்கோ பொழுதுபோக்கிற்கோ என எந்நூலகமும் வினவுவதில்லை. ஓர் ஆட்டம் விற்பனையினின்று நீங்கிச் சில ஆண்டுகள் கழிந்தபின், ஒரு படியை ஒரு காலத்தில் ஒருவர்க்கே கொடுப்பதென்னும் நிபந்தனையோடு, நூலகங்கள் அதனை இரவல் வழங்கச் சட்டம் இடந்தருதல் வேண்டும்.